கலிங்கில் வைத்த முதல் கூடை மண்

மகளுக்கு ஐந்து மாதம் நடக்கும்போது வேலைக்குத் திரும்பினேன். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஏரிக்கரையைப் பலப்படுத்தும் வேலை. நான் சிவில் படித்தவள். ஊராட்சி ஒன்றியத்தில் ஒப்பந்தப் பொறியாளர். மேலதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷமும் வேலை உண்டு. கணவருக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஷிப்ட். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். கரையோரத்துப் புளியமரத்தில் வேலைக்கு வந்த பெண்களே தூளி கட்டித் தந்தார்கள்.

அது செம்மண் கரை. காற்றடித்தால் அலை வந்து மோதி உள்பக்கச் சரிவை அரிக்கும். வழக்கமாக இதற்குக் கான்கிரீட் போடுவார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மண் மழையில் இளகும், வெயிலில் இறங்கும். கான்கிரீட் அதோடு சேர்ந்து அசையாது. சில வருஷங்களில் அடியில் பொந்து விழுந்து பாளம் பாளமாகச் சரிந்துவிடும். ஜெயங்கொண்டம் போகும் வழியில் அப்படிச் சரிந்து கிடக்கும் கரைகளைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். வெட்டிவேர்ப் புல் அப்படியில்லை. அதன் வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரே கீழே இறங்கி மண்ணைத் தைத்துவிடும். கரை அசைந்தால் அதுவும் அசைந்து கொடுக்கும். வருஷத்துக்கு வருஷம் பலம் கூடுமே தவிரக் குறையாது.

இதை மேலதிகாரியிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவர் சிரித்தார்.

"புல்ல வச்சு ஏரிய நிறுத்தப் போறியாம்மா?"

"ரெண்டு மூணு மழைக்காலம் வேர் இறங்கிட்டா நிக்கும் சார்."

"நூறு மீட்டர் தரேன். நட்டுப் பாரு. நின்னா மீதிக் கரைக்கும் அதையே போடலாம். நிக்கலன்னா அப்புறம் இந்தப் பேச்சே வரக் கூடாது. அத்தனைக்கும் கான்கிரீட்தான்."

அந்த நூறு மீட்டர் கரையைப் புது மண் போட்டுச் செப்பனிட்டு, கடலூர்ப் பக்கத்திலிருந்து வெட்டிவேர் நாற்று வரவழைத்தோம். ஆடிக் கடைசியில் நடவு. நட்ட பெண்களில் ஒருவர் எனக்கு மிகவும் நெருக்கமானார். நாற்பது வயதிருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கரைக்கு நேர் கீழே அவருக்கு ஓர் ஏக்கர் நிலம் இருந்தது. அவர் வீட்டில் முந்தைய தலைமுறை வரைக்கும் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். இந்த ஓர் ஏக்கர், அவரும் அவர் வீட்டுக்காரரும் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கி, திருப்பூரில் சில வருஷம் கிடந்து வாங்கியது.

"இன்ஜினியரம்மா எங்க ஆட்டுக்குப் புல்லு நடுறாங்கடி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"ஆடு வாய வச்சுப் பாக்கட்டும், நாக்கு அறுந்துடும்" என்பார் அக்கா. "ஏ பாப்பா, நீ சொல்லு, உங்கம்மா நட்டா நிக்குமா நிக்காதா?" தூளியில் கிடக்கும் என் மகள் கால்களை உதைப்பாள். "பாரு, நிக்குங்குது."

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தது. புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது. அலை அதன்மேல் வந்து படுத்து, சத்தமில்லாமல் திரும்பிப் போயிற்று. புல் இல்லாத பழைய கரை அந்த மழையிலேயே இரண்டு இடத்தில் சரிந்தது. நான் போட்டோ எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த ஏரிக்குத் தெற்குக் கோடியில் கலிங்கு இருக்கிறது. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்கான கல்கட்டு. அதன்மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும். கார்த்திகை முடிந்ததும் ஊரார் அந்தக் கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். அப்படி அடைத்தால் ஏரியில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் நிற்கும். சம்பா கதிர் வரும்போது கடைசி இரண்டு தண்ணீர் பாய்ச்ச அதுதான் உதவும். கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை என்ற நம்பிக்கையில் காலங்காலமாக நடக்கும் வேலை. சட்டப்படி அடைக்கக் கூடாது. யாரும் கேட்டதும் இல்லை.

அந்த வருஷம் அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் என்னிடம் வந்து நின்றார்கள்.

"யம்மா, நாளைக்குக் கலிங்கு அடைக்கிறோம். நீங்க வந்து மொதக் கூடை மண்ணு வைக்கணும்."

"நானா? எதுக்கு அக்கா?"

"பால் குடுக்குற பொண்ணு கையால மொதக் கூடை வச்சா ஏரி மடி வத்தாதுன்னு எங்க ஊர்ல ஒரு வழக்கம். இந்த வருஷம் ஊர்ல கைப்புள்ளக்காரி யாரும் இல்ல. நீங்கதான் இருக்கீங்க."

எனக்குக் கணக்குத் தெரியும். புது மண் போட்ட கரை முதல் மழையில் கொஞ்சம் இறங்கும், இறங்கித்தான் இருந்தது. கரையின் உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே நான் விட்டிருந்த இடைவெளியில் பாதிக்கு மேல் இந்த ஒரு முழம் தின்றுவிடும். இப்போதெல்லாம் மார்கழியிலும் மழை கொட்டுகிறது என்பதும் தெரியும். நானே இரண்டு வருஷம் வெள்ளச் சேதம் அளக்கப் போயிருக்கிறேன்.

"இந்த ஒரு வருஷம் அடைக்காம இருந்தா என்ன? கரை புதுசு, வேர் இன்னும் முழுசா எறங்கல" என்றேன்.

"கதிரு பால் புடிக்கிற நேரத்துல தண்ணி இல்லன்னா பதருதாம்மா கெடைக்கும்" என்றார் அக்கா. பிறகு கொஞ்சம் கேலியாக, "உங்க புல்லு மேல உங்களுக்கே நம்பிக்க இல்லியா?" என்றார்.

அதற்கு மேல் நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் வயல் காய்ந்தால் நான் காரணமாகிவிடுவேனோ என்ற பயம். ஊர் எனக்குக் கொடுத்த மரியாதை. இரண்டும் இருந்தன. மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். தேங்காய் உடைத்தார்கள். கூடையின் ஒரு பக்கத்தை அக்கா பிடித்துக்கொள்ள, குத்துக்கல் நடுவே மண்ணைக் கொட்டினேன். பெண்கள் குலவையிட்டதில் மகள் பயந்து அழுதாள்.

மார்கழி நடுவில் இரண்டு நாள் மழை பெய்தது. இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு அக்கா போன் செய்தார். அரியலூரில் எங்கள் வீட்டில் மகளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"யம்மா, தண்ணி கர மட்டத்துக்கு வருது. அடைப்ப எடுக்கலாம்னா எறங்க முடியல. இழுக்குது. ஆம்பளைங்களே பயப்படுறாங்க."

"கயிறு கட்டி எறங்கச் சொல்லுங்க அக்கா. கடப்பாறையால நடுவுல ஒரு எடத்துல குத்தினா போதும், மீதிய தண்ணியே தள்ளிடும்."

"நீங்க வறீங்களா?"

"பாப்பாவுக்குக் காய்ச்சல்."

"சரி, புள்ளையப் பாருங்க" என்று வைத்துவிட்டார். கணவர் ஷிப்டில் இருந்தார். பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்திருக்கலாம். போயிருந்தாலும் அந்த வெள்ளத்தில் என்ன செய்திருப்பேன் என்று ஒரு மனம் சொல்லும். எங்கே குத்த வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டியிருப்பாய் என்று இன்னொரு மனம் சொல்லும்.

பதினோரு மணிக்கு உடைந்தது. நாங்கள் புல் நட்டது அலையடிக்கும் உள்பக்கச் சரிவில். தண்ணீர் கரையின் தலைக்கு மேல் ஏறி, ஒன்றும் நடாத வெளிப்பக்கத்தில் விழுந்து, அங்கிருந்து கரையைத் தின்றது. இறங்கியிருந்த புதுக் கரையில்தான் முதலில் ஏறியது. உயிர்ச்சேதம் இல்லை. அக்காவின் ஓர் ஏக்கரும் அடுத்த இரண்டு பேரின் வயலும் மணலுக்கு அடியில் போயின. கதிர் நுனிகூட வெளியே தெரியவில்லை.

மூன்றாம் நாள் மழை விட்டதும் மேலதிகாரி வந்தார். நான் நோட்டோடு பின்னால் நடந்தேன். உடைப்பின் இரண்டு ஓரத்திலும் வெட்டிவேர்த் தூர்கள் அந்தரத்தில் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு கூடை மண்ணை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது. ஐந்து மாத வேர், என் கை நீளத்துக்கு இருந்தது.

மேலதிகாரி கலிங்குக்குப் போய்ப் பார்த்தார். வெள்ளம் அடைப்பை முழுக்க அடித்துக்கொண்டு போயிருந்தது. கற்கள் கழுவிவிட்டது போல் நின்றன.

"கலிங்கு எப்படி இருந்துச்சு? யாராவது அடைச்சீங்களா?"

அவர் என்னைப் பார்ப்பதற்குள் அக்கா சொன்னார்: "தொறந்துதாங்க இருந்துச்சு சார். புல்லுதாங்க நிக்கல."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் மேலதிகாரி, என் பக்கம் திரும்பாமல்.

நான் எழுதிக்கொண்டேன். 'கலிங்கு திறந்திருந்தது. புல் நடப்பட்ட பகுதியில் கரை உடைந்தது. வெட்டிவேர் முறை இந்த மண்ணுக்கு ஏற்றதன்று.' அறிக்கையைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

அனுப்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வயலில் மணலை மண்வெட்டியால் வாரிக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஏக்கர் முழுக்க மணல். வாரிய இடம் ஒரு பாய் விரிக்கும் அளவு.

"அக்கா, நான் உண்மைய எழுதிடறேன். அடைச்சது தெரியும், நானும் கூட இருந்தேன்னு எழுதறேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "எழுதினா என்னாவும்?"

"புல்லு மேல தப்பில்லன்னு ஆவும். மீதிக் கரைக்கும் அதையே போடலாம்."

"எங்களுக்கு என்னாவும்னு கேட்டேன்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கலிங்கை அடைத்தது குற்றம். ஊரார் பேரில் நடவடிக்கை வரலாம். பயிர் நிவாரணம் வருவதும் நின்றுபோகலாம். என் வேலையும் போகும்.

"அப்பறம் எதுக்கு எழுதணுங்கறீங்க? ஊரு போவும், நீங்க போவீங்க. கைப்புள்ளய வச்சுக்கிட்டு எங்க போவீங்க? அந்தப் புல்லு என்ன, ஏன்டி எம்மேல பழி போட்டீங்கன்னு வந்து கேக்கவா போவுது?" சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "நான்தாம்மா உங்கள நக்கல் பண்ணி அடைக்க வச்சேன். எந்நெலந்தான் போச்சு. வுடுங்க."

அவர் வீட்டுக்காரர் அதுவரை நிமிரவே இல்லை. "டீத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கம்மா" என்றார். குடிக்காமல் வந்துவிட்டேன். திங்கட்கிழமை அறிக்கையை அனுப்பினேன்.

அந்தக் கோடையில் ஏரிக்கரை முழுக்கக் கான்கிரீட் போட அனுமதி வந்தது. உடைப்பை மண் போட்டு அடைத்தார்கள். மிஞ்சிய புல்லை அகற்ற ஜேசிபி வந்தது. மேற்பார்வைக்கு நான்தான் நின்றேன். எளிதில் வரவில்லை. ஓட்டுநர் இரண்டு முறை வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டு வந்து, "என்னங்க மேடம் இது, பூமியவே புடிச்சிக்கிட்டு இருக்குது. யாரு நட்டது?" என்றார். "பழைய வேலை" என்றேன். வேர்களைக் குவியலாகப் போட்டிருந்த இடம் முழுக்க மணத்தது. கோயிலுக்கும் மண்பானைக்கும் போடுவதற்குப் பெண்கள் பிடி பிடியாக எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா வரவில்லை. நிலத்தில் மணல் வாரி முடியாமல் அவர்கள் மறுபடியும் திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

என் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. மகள் நடக்கத் தொடங்கினாள், பேசத் தொடங்கினாள், இப்போது பால்வாடிக்குப் போகிறாள்.

போன மாதம் பெரம்பலூர்ப் பக்கத்து ஒன்றியத்திலிருந்து ஒரு பொறியாளர் போன் செய்தார். குரல் இளம்வயது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் என்றார்.

"மேடம், எங்க ஏரிக்கு வெட்டிவேர் போடலாம்னு எனக்கு ஆசை. எங்க சார் ஒத்துக்க மாட்டேங்கறார். உங்க ஊர்ல போட்டுப் பார்த்தது உடைஞ்சுடுச்சாம், அறிக்கையே இருக்காம். உண்மையா அதனாலதான் உடைஞ்சுதுங்களா?"

கேட்கும் விதத்திலேயே, இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பது தெரிந்தது. அறையில் எதிர் மேஜையில் மேலதிகாரி இருந்தார். மகளை வரும் ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும்.

"ஆமாங்க" என்றேன். "அது நிக்கல."

"அப்படிங்களா. சரிங்க மேடம். கான்கிரீட்டே போட்டுடறோம். தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார்.

அவர் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. இதை எழுதும்வரை நான் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த ஏரிக்கு இன்னும் வேலை தொடங்கவில்லை என்று கேள்விப்படுகிறேன்.

புல் நின்றது. கலிங்கை நாங்கள் அடைத்திருந்தோம்.

இந்த இரண்டு வாக்கியங்களை இங்கே எழுத முடிகிறது. போனில் சொல்ல வரவில்லை.