கறுப்பாகப் போன ரத்தம்

என் மனைவியின் உடம்பிலிருந்து ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் கூடை சுமப்பவள் அவள். எழுபதுகளில் ஒரு கோடையில், வரப்பில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கினாள். உள்ளங்கை வெளுத்துவிட்டது. வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று மெல்லச் சொன்னாள். எத்தனை நாளாக என்று கேட்டால் தெரியவில்லை. விடியுமுன் இருட்டில், கறுத்த சேற்றில் போய் வருகிறவளுக்கு எப்படித் தெரியும்?

நான் பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டவன். பயம் மட்டும் யாருக்கும் குறையாமல் உண்டு. யாராவது தும்மினாலே எனக்குச் சோறு இறங்காது. செத்துவிடுவாள் என்றே முடிவு கட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற்றினேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். சோதித்துப் பார்த்ததில் வயிற்றில் பூச்சி இல்லை, மூலம் இல்லை.

"உங்க பக்கத்து உப்பளத்து ஆளுங்க இன்னும் சில பேரு இப்படித்தான் வந்தாங்க. காரணம்தான் பிடிபடல" என்றார் டாக்டர். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறியாம்மா?"

"இல்லீங்க."

நானும் இல்லையென்று தலையாட்டினேன். மறுநாள் அவர் வந்து நிற்கும்போதே அவள் சுருக்குப்பையிலிருந்து வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

"என்னம்மா அது?"

"ஒடம்புவலி மாத்திரைங்க. வெத்தல பாக்கோட பொட்டிக்கடையில குடுப்பான்."

"மருந்து சாப்பிடலன்னியே!"

"இது மருந்தா? மருந்துன்னா நீங்க குடுக்கறதுதான?"

அளத்தில் இறங்குமுன் வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு அதைப் போட்டுக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அது இரைப்பையைப் புண்ணாக்கி, கசிகிற ரத்தம் உள்ளேயே கறுத்துப் போகிறது என்று டாக்டர் விளக்கினார். மாத்திரையை நிறுத்தி, வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார். ஊர் திரும்பிய பிறகு தினமும் காலையில் அவள் கையை வெயிலில் விரித்துப் பார்ப்பேன். மெல்லச் சிவப்பு ஏறியது.

அவள் அத்தோடு விடவில்லை. வரப்பில் நின்று எல்லாப் பெண்களிடமும் சொன்னாள்.

"வலிச்சா இன்னாடி பண்றது? உன் ஊட்டுக்காரன் வந்து இடுப்ப அமுக்கி உடுவானா?" என்றாள் ஒருத்தி.

"அந்தாளு என் கையவே பாத்துக்கினு கெடக்குது, உன் இடுப்புக்கு எங்க வரும்! சிரிடி. நாளைக்கு வெளிச்சத்துல போய்ப் பாரு, அப்புறம் சிரி."

சில நாள் கழித்து, கேலி பேசிய அந்தப் பெண்ணே வெளிறிய முகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மனைவி அவளை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். இரண்டு பேரும் பஸ்ஸில் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று நானும் பின்னாலேயே போனேன்.

"மருந்து ஏதாவது சாப்பிடறியாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க" என்றாள் வந்தவள்.

மனைவி குறுக்கே புகுந்தாள். "அப்படிக் கேட்டா இல்லன்னுதாங்க சொல்லும். பொட்டிக்கடையில இன்னா வாங்குதுன்னு கேளுங்க."

டாக்டர் அப்படியே கேட்டார். வந்தவள் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

வாசலில் நின்ற கம்பவுண்டரிடம், "கேள்விய மாத்திக் கேக்கச் சொல்லுச்சே, அது என் சம்சாரங்க" என்றேன். யாரென்று அவர் கேட்கவே இல்லை.