கழிவு போக இருபத்தைந்து கிலோ

அன்று எங்கள் சல்லி ஊர்க் கடற்கரையில் நின்றவர்கள் நான், என் கணவர், மீன் நிறுக்கும் அண்ணன், இறக்கக்கண்டியிலிருந்து வந்திருந்த மச்சாள். தராசுக் கொளுவியில் ஓர் உரப்பை. பையில் வெட்டிய ஓட்டைகளால் நாலு கால்களும் வெளியே தொங்க, அதற்குள் ஆடு.

ஆட்டை எனக்குத் தவணைக்குத் தந்தவள் மச்சாள், என் கணவரின் அக்கா. "குட்டி போடட்டும், பால் வித்துக் கட்டு" என்றிருந்தாள். கடல் தொழில் இல்லாத மாதங்களுக்கு எங்களுக்கு வேறு வழி இல்லை. குட்டி போட ஒரு மாதம் இருக்கும்போது ஆடு மெலிந்து, கொட்டிலை விட்டு எழும்ப மறுத்தது. பட்டணத்து மிருக வைத்தியரிடம் ஓடினேன். வயிற்றுப் புழு என்று ஒரு போத்தல் தந்தார். சினை ஆட்டுக்குப் பயமில்லாத மருந்துதானே என்று நான் மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் அவர் ஓம் என்றார்.

"கிலோவுக்கு ஒரு கோடு. கண்மதிப்பில ஊத்தாதேங்கோ, நிறுத்துப் போட்டுக் குடுங்கோ."

ஊசியில்லாத, கோடு போட்ட பெரிய சிறிஞ்சு ஒன்றும் தந்தார். எங்கள் பக்கம் தராசு என்றால் மீன் தராசுதான்.

முள் ஆடி நின்றது. அண்ணன், "இருபத்தஞ்சு" என்று கத்தினார்.

"இருபத்தெட்டிலயெல்லோ முள்ளு நிக்குது?" என்றார் கணவர்.

"ஐஸுக்கும் தண்ணிக்கும் கழிவு மூண்டு போகத்தான் தம்பி. வாய்ப் பழக்கம்."

"ஆட்டுக்கும் ஐஸ் போட்டே அண்ணை கொண்டந்தனாங்கள்?" என்று மச்சாள் கேட்க, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் என் மனம் இருபத்தைந்தைப் பிடித்துக்கொண்டது. சின்ன எண்ணில் எனக்குப் பயம் குறைவாக இருந்தது.

வீட்டில் மருந்தை இழுக்கும்போது இன்னொரு யோசனை வந்தது. வயிற்றில் இருக்கும் குட்டிகளுக்குப் புழு இல்லையே, அவற்றின் பாரத்துக்கு ஏன் மருந்து? ஐந்து கிலோவைக் கழித்தேன். இருபது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அது சரியான கணக்காகத்தான் பட்டது. அப்படியும் பயம் விடவில்லை. மருந்து கூடிக் குட்டி விழுந்துவிட்டால் என்று பதினைந்தாம் கோட்டில் நிறுத்தினேன். அதிலும் கொஞ்சத்தை ஆடு என் சட்டையில் துப்பியது.

"குடுத்தாச்சே?" என்று கணவர் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

நாலு நாள் ஆடு முருங்கை இலை தின்றது. எனக்குப் பெரிய நிம்மதி. மிச்ச மருந்தை அடுத்த தரத்துக்கென்று அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அதற்கடுத்த கிழமை அதன் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போல வீங்கியது. கண் மடலை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. வைத்தியரைக் கூட்டிவர ஓட்டோ தேடிக் கணவர் போயிருந்த நேரத்தில், தலையை என் மடியில் வைத்தபடியே ஆடு போய்விட்டது. நெடுநேரம் வயிற்றில் கையை வைத்திருந்தேன். முதலில் ஏதோ அசைந்தது. பிறகு அதுவும் இல்லை.

அடுத்த நாள் போத்தலோடு வைத்தியரிடம் போனேன். ஏன் என்று தெரியாமல் என்னால் இருக்க ஏலாது. எல்லாவற்றையும் சொன்னேன், கழித்ததையும். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"அரைவாசி மருந்துக்கு அரைவாசிச் சுகம் வராதம்மா. தாங்க ஏலாத புழுதான் சாகும். தாங்கினது இருந்து ரத்தம் குடிக்கும், அது போடுற முட்டையும் மருந்தைத் தாங்கப் பழகியிடும். குட்டியள் தாயின்ர உடம்புதானே? அதையும் சேர்த்துத்தான் நிறை."

"கூடிப்போயிடும் எண்டு பயந்திட்டன், ஐயா."

"விளங்குது. கூடினாலும் பிழைதான். குறைஞ்சாலும் பிழைதான்."

மீன் நிறுக்கும் அண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை. முள் எங்கே நின்றது என்று என் கண்ணாலேயே பார்த்தவள் நான். மச்சாளிடம் மட்டும் சொன்னேன். அவள், "நீ பயந்தனி, வேறென்ன" என்றாள்.

இப்போதும் வருவாள், குசினியில் இருந்து தேத்தண்ணி குடிப்பாள். கொட்டில் பக்கம் பார்ப்பதில்லை, காசைப் பற்றிக் கதைப்பதும் இல்லை. ஏலுமான மாதத்தில் ஆயிரம், ஏலாத மாதத்தில் ஐந்நூறு என்று அவள் கையில் வைக்கிறேன். இன்னும் பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுக்க இருக்கிறது.