வால் மூடாத வல்லூறு

என் சித்திக்கு எதுவும் திறந்து கிடக்கக் கூடாது. எண்ணெய் பாட்டிலின் மூடி, பீரோ கதவு, அடுத்த வீட்டுக்காரர் சாத்தாமல் போன கேட் என்று எதைக் கண்டாலும் கை தானாகப் போகும். சினிமாவில் கதாநாயகன் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினால், மிச்சப் படம் முழுக்க அந்தக் கதவைப் பற்றியே பேசுவாள். "திருடனைப் பிடிக்கப் போறானாம். அதுக்குள்ள இவன் வீட்டுல எவன் நுழைஞ்சானோ."

இது தொழிலில் வந்த பழக்கம். குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்குச் சித்தி கோடு போடுகிறாள். வண்ணத்தை அவள் தொடுவதே இல்லை. வெள்ளைத் தாள், கருப்பு மை, அவ்வளவுதான். கோடு நூலளவு விட்டுப்போனாலும் குழந்தையின் நிறம் அந்த வழியாக வெளியே ஓடிவிடும் என்பாள். படம் முடிந்ததும் விரல் நுனியைக் கோட்டின் மேல் வைத்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும்வரை மெதுவாக நடத்திப் பார்ப்பாள். அச்சகத்தில் அவளுக்குப் பெயரே 'கோட்டம்மா'தான்.

அங்கே அவள் சேர்ந்தது அட்டை ஒட்டும் வேலைக்கு. படம் போடுகிறவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, பாதியில் கிடந்த ஒட்டகச்சிவிங்கிக்கு இவள் கழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கழுத்து கொஞ்சம் குட்டை. முதலாளி கவனிக்கவில்லை, குழந்தைகளும் குறை சொல்லவில்லை. அன்று பிடித்த பேனாவை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. ஆப்பிள், பந்து, கப்பல், மறுபடி ஆப்பிள். எதைப் போடுவது என்று ஒரு தடவைகூட அவளை யாரும் கேட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலை தேடி அலுத்துப்போயிருந்த நேரத்தில் சித்திதான் முதலாளியிடம் பேசி என்னை உள்ளே சேர்த்தாள். படங்களுக்குக் கீழே ஒரு வரி எழுதுவது என் வேலை. 'இது பந்து. பந்து உருளும்.' இதற்குத்தானா அத்தனை படிப்பு என்று சில நாள் தோன்றும். இந்த ஒரு வரியைக்கூட உருப்படியாக எழுதத் தெரியவில்லையே என்று மற்ற நாட்களில் தோன்றும். இரண்டாவது வகை நாட்களே அதிகம்.

சித்தியின் மேசை ஜன்னலோரம் இருக்கிறது. எதிரே ஒரு செல்போன் கோபுரம். அதன் நடுத்தட்டில் ஒரு வல்லூறு வந்து உட்காரும். முதலில் நாங்கள் அதைப் பருந்து என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒருநாள் அது ஜன்னலுக்குக் கிட்டே பறந்து வந்தபோது கவனித்து, நான் படித்துப் பார்த்துச் சொன்னேன். கண்ணுக்குக் கீழே மீசைபோல ஒரு கருப்புப் பட்டை இருக்கிறது, கண்ணும் கருப்பு, ஆகவே வல்லூறு. சித்தி அதற்கு 'மீசைக்காரன்' என்று பேர் வைத்தாள். அது வராத நாளில் சித்தி போடும் கப்பலின் கொடிகூடத் தொங்கிப் போயிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை, யாரும் கேட்காமலே, முதலாளியின் அறைக்குப் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன்.

"வல்லூறு, வைரி, பருந்து. இதுங்களை வச்சு ஒரு புக்கு போடலாம்னு இருக்கேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "கோட்டம்மா, கிளி போடுங்க. பச்சை செலவாகும், சிவப்பு செலவாகும், பிள்ளைங்க சந்தோஷமா இருக்கும். பருந்துக்கு என்ன கலரு? பழுப்பு. அதுக்குப் பக்கத்துல இன்னொரு பழுப்பு."

"கிளி நாலு புக்குல போட்டாச்சு. அதுக்கே அலுத்துப் போயிருக்கும்."

"கிளிக்கா?"

"எனக்கு."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் நிபந்தனை போட்டார். சனிக்கிழமை பிள்ளைகள் தீட்டி முடித்தால் புத்தகம். முடிக்காவிட்டால் கிளி.

சனிக்கிழமை என்பது எங்கள் அச்சகத்து வழக்கம். எந்தப் புதுப் படமானாலும் அன்று வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் வந்து, காகிதக் கட்டுகளின் மேல் கால் மடக்கி உட்கார்ந்து, தீட்டிப் பார்ப்பார்கள். யாரும் எதுவும் கேட்கக் கூடாது. எது முடிகிறது, எது பாதியில் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

அந்த வாரம் சித்தி தலை நிமிரவில்லை. இறகு இறகாகப் போட்டாள். ஒவ்வொரு இறகுக்கும் தனிக் கோடு, ஒவ்வொன்றும் மூடிய கோடு. இறகுக்கு நடுவே தண்டு, தண்டுக்கு இரண்டு பக்கமும் வரி. மீன் செதில் போல அடுக்கடுக்காக வந்தது. பார்க்கிறவர்கள் அசந்துபோனார்கள். பைண்டர் அண்ணன் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, "இதுக்கு மேல யாரும் கலர் அடிக்கணுமா? அப்படியே மாட்டி வைக்கலாம்" என்றார். அதைச் சித்தி பாராட்டாக எடுத்துக்கொண்டாள். நானும்தான்.

சனிக்கிழமை வந்தது. பைண்டர் அண்ணனின் மகளுக்கு 'வாலு' என்று பேர். அவள்தான் முதலில் உட்கார்ந்தாள். ஓர் இறகைத் தீட்டினாள். இன்னொன்றைத் தீட்டினாள். நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு மூன்றாவதுக்குப் போனவள், தாள் முழுவதையும் ஒருமுறை பார்த்தாள்.

"கோட்டம்மா அத்தை, இது எப்ப முடியும்?"

"முடியும்மா, மெதுவா அடி."

"நான் பெரியவளானப்புறம் வந்து மீதியை அடிக்கட்டுமா?"

அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அப்புறம் வரவில்லை. மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக நழுவினார்கள். முதலாளி தாள்களைப் பொறுக்கி அடுக்கினார். எல்லாப் பறவைக்கும் தோளில் கொஞ்சம் நிறம் இருந்தது, மிச்சம் வெள்ளை.

"ஒரு வாரம் கொடுங்க" என்றாள் சித்தி.

"கோட்டம்மா..."

"ஒரே ஒரு சனிக்கிழமை. அப்புறம் நீங்க சொல்ற கிளியை வாய் திறக்காம போடறேன்."

அன்று இரவு வீட்டில், பஸ் ஓட்டுகிற சித்தப்பா சாப்பிடும்போது, "என்ன, உன் பருந்து கோழி தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்று சீண்டினார். அவள் சட்டியை ஓசைப்பட மூடினாள்.

திங்கட்கிழமை முழுதும் அவள் படங்களிலிருந்து இறகுக் கோடுகளை நீக்கிப் பார்த்தாள். நீக்கியதும் வேறு சிக்கல் வந்தது. வல்லூறும் வைரியும் பருந்தும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிட்டன. கீழே எழுதியிருக்கும் என் வரியைப் படித்தால்தான் எது எது என்று தெரியும். வாலுவுக்குப் படிக்கவும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவள் பேனாவையே தொடவில்லை. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீசைக்காரன் வந்து உட்கார்ந்தான்.

"ஏண்டி, இங்கேர்ந்து அவனோட ஒரு இறகாவது தெரியுதா உனக்கு?"

"இல்ல சித்தி."

"அப்புறம் எப்படி அவன்தான்னு சொல்ற?"

யோசித்தேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. "உட்கார்ற விதம். தோள் அகலமா, கீழே வர வரக் கூரா இருக்கு."

"றெக்கை?"

"வால் நுனி வரைக்கும் வருது. வைரிக்கு வால்ல பாதியிலேயே நின்னுடும்னு படிச்சேன்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ இறகு போட்டுட்டு இருந்த."

சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து, பேனாவின் தடித்த முனையை மாட்டினாள். தலை, முதுகு, ஒரே வீச்சில் வால் வரை ஓர் இறக்கை. மீசைப் பட்டை. கண்ணை மட்டும் அவளே கருப்பாக நிரப்பினாள். அவள் நிரப்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வைரிக்குக் கண்ணை வெள்ளையாக விட்டாள். அதற்கு மஞ்சள் கண் என்று நான் சொல்லியிருந்தேன். மஞ்சளோ ஊதாவோ, பிள்ளைகள் பாடு.

கடைசித் தாளில், மேலிருந்து பாய்கிற வல்லூறு. இறக்கையை ஒடுக்கிக்கொண்டு கல் விழுவது போல வரும் அந்தப் பாய்ச்சலை ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்திருக்கிறோம். போட்டுப் போட்டுக் கிழித்தாள். எப்படிப் போட்டாலும் பறவை தொங்கவிட்ட மாதிரி நின்றது. வெள்ளிக்கிழமை மாலை, பறவையின் இரண்டு பக்கக் கோட்டையும் வால் வரை இழுத்தவள், அங்கே மூடாமல் பேனாவைத் தூக்கிவிட்டாள். வால் இருக்க வேண்டிய இடம் தாளின் மேல்விளிம்பைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

விரலை வைத்துக் கோட்டின் மேல் நடத்தினாள். விரல் திறப்பு வரை போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"மூடலையா சித்தி?"

"பேசாம இரு. மனசு மாறிடும்."

மறுநாள் வாலு முதல் தாளைத் தீட்டினாள். முடித்தாள். வல்லூறுக்கு ஊதா. அடுத்ததை அவளாகவே கேட்டு வாங்கினாள், வைரிக்குப் பச்சைக் கண். முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பழுப்பு கிரேயானை யாரும் தொடவில்லை என்பதைப் பார்த்ததும் அவர் நடையில் இருந்த விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது.

பிறகு பாய்கிற வல்லூறு அவர் கண்ணில் பட்டது.

"கோட்டம்மா. கோடு விட்டுப்போச்சு."

சித்தி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். முதலாளி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குனிந்தார். வாலு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கிறுக்காதீங்க. இவன் இன்னும் வந்து சேரல."

சிவப்பை எடுத்து அலகிலிருந்து மேல்நோக்கி இழுத்தாள். நிறம் முதுகைத் தாண்டியது, வாலைத் தாண்டியது, நிற்க இடமில்லாமல் தாளின் விளிம்பு வரை போனது. அதன் மேல் ஆரஞ்சு, அதன் மேல் மஞ்சள். பறவை எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெரிந்தது. பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் அந்த ஓட்டைப் பருந்து" என்றான்.

முதலாளி பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார்.

"இந்த ஒண்ணு மட்டும் இப்படி இருக்கட்டும்" என்றார். "எல்லாத்தையும் திறந்து விட்டுடாதீங்க."

"கிளி?"

"அதுக்கு என்ன அவசரம்."

புத்தகம் இப்போது அச்சில் இருக்கிறது. என் வரிகளில் பாதியை அடித்துவிட்டேன். 'இதன் நிறம் பழுப்பு' என்று எழுதியிருந்ததெல்லாம் போய்விட்டது. பாயும் வல்லூறுக்குக் கீழே என்ன எழுதுவது என்று மூன்று நாள் திணறி, கடைசியில் வெறுமனே விட்டேன். சித்தி பார்த்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினாள். சரிதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நேற்று வேலை முடிந்து கிளம்பும்போது மீசைக்காரன் கோபுரத்தில் இருந்தான். பாதித் தெரு போன பிறகுதான் கவனித்தேன். சித்தி தன் மேசைக்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தாமல் வந்திருந்தாள்.

"சித்தி, ஜன்னல்."

"தெரியும். நட."