கறுப்புக் கரை நோட்டீஸ்

போன கிழமை எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு ஓட்டோ வந்து நின்று, வாக்குச் சீட்டில் இன்னாருக்குப் புள்ளடி போடுங்கள் என்று கத்திவிட்டுப் போனது. பதிவு செய்து வைத்த குரல். எனக்கும் ஒரு நோட்டீஸ் நீட்டினார்கள். வழுவழுப்பான தாள். அந்த மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். நான் அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. ஓட்டோக்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும். நோட்டீஸை மணந்து பார்க்கிற உரிமை எனக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் குருநகரில் தேர்தல் விளம்பரம் என்றால் அது நான்தான்.

சிரிக்காதீர்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இதையும் அப்படித்தான் எழுத்தெழுத்தாக எழுதுகிறேன், நாலு நாளாகிறது. ஆனால் எந்தச் சுவரை எத்தனை பேர் பார்ப்பார்கள், எந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஆடு கட்டியிருக்கிறது என்று அப்போது என்னைக் கேட்டுத்தான் மற்றவர்கள் பசை வாளியைத் தூக்குவார்கள். ஆடுதான் எங்களுக்கு முதல் எதிர்க்கட்சி. கோதுமைமாப் பசை ருசிக்கு நோட்டீஸை உரித்துத் தின்றுவிடும். அதனால் பசை காய்ச்சும்போது கொஞ்சம் துருசு, அந்த நீல நஞ்சுக் கல், போடுவேன். பசை நீலமாகிவிடும், அந்த மணம் இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. மீன் மணத்தையே வெட்டிவிடும் என்றால் பாருங்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஆடிக் கலவரத்துக்குக் கொஞ்சம் முந்தி. மாநகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் சுயேச்சைக் குழுவில் மேயருக்கு நின்றவர் ஒரு வாத்தியார். மாஸ்ரர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். கொழும்புத்துறையில் வாடகைக்கு இருந்தார். மீன் விற்கிற பெண்களுக்கு நிழல் வேண்டும் என்று சந்தையில் எங்களோடு வெயிலில் குந்தியிருந்த மனிதர். நகரம் கூட்டுகிற ஆட்களின் வீடுகளுக்குள் போய், அவர்கள் தந்த தண்ணீரை வாங்கிக் குடித்தவர். அதற்காகச் சொந்தக்காரர் சிலர் அவர் வீட்டுப் படி மிதிப்பதில்லை. அந்தக் குடியிருப்புகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவருவேன் என்றுதான் நின்றார்.

அவருக்குக் கிடைத்த சின்னம் கேத்தில். என்னோடு மீன் விற்ற திரேசாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் மாஸ்ரர், மேயராகிறியளோ, தேத்தண்ணிக்கடை போடுறியளோ?"

"முதல் தேத்தண்ணி உனக்குத்தான் திரேசா. காசு கேக்கமாட்டன்."

"சீனி போடுவியளோ எண்டு சொல்லுங்கோ, பேந்து புள்ளடியைப் பற்றிக் கதைப்பம்."

அந்தச் சிரிப்பெல்லாம் முதல் இரண்டு மூன்று நாள்தான். பிறகு சுவர்களில் வேறு எழுத்து வந்தது. தேர்தலில் நிற்கிறவர்கள் விலக வேண்டும், விலகாவிட்டால் நடப்பதற்குப் பொறுப்பில்லை என்று. எழுதியது ஆர் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒலிபெருக்கிக்காரர் பெட்டி பழுது என்று சொல்லிவிட்டார். அச்சகங்கள் கடதாசி இல்லை என்றன. மாஸ்ரர் மனைவியைச் சண்டிலிப்பாயில் தாய் வீட்டுக்கு அனுப்பினார். அந்த மனுசிக்கு நெஞ்சு வருத்தம். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தெடுப்பவர்.

நாள் ஓடியது. ஒலிபெருக்கி இல்லையென்றால் என்ன, எங்களுக்குத் தொண்டை இருக்கிறதே. கடகம் சுமந்து போகிற ஒழுங்கையெல்லாம், "சூடை, திருக்கை, நண்டு, கேத்திலுக்குப் போடுங்கோ" என்று ஒரே மூச்சில் கூவினோம். சிலர் மீன் வாங்கினார்கள். சிலர் படலையைச் சாத்தினார்கள். பின்னால் ஒரு சைக்கிள் மெதுவாக வந்தால் கேத்திலை விட்டுவிட்டுச் சூடை, திருக்கையை மட்டும் கூவுவேன். அது ஐஸ்பழக்காரனின் சைக்கிளாக இருந்தாலும்தான்.

நோட்டீஸ் அடிக்கச் சம்மதித்தது ஒரேயொரு அச்சகம். மரண அறிவித்தல் அடிக்கிற இடம். "செத்தவைக்கு அடிக்கிறன், என்னை ஆர் என்ன செய்யிறது" என்றார் அந்த அண்ணை. கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால் மாஸ்ரரின் படத்தைச் சுற்றிக் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. படம் வைக்கிற அளவுக்கு அச்சக அண்ணையிடம் இருந்தது அந்த மரண அறிவித்தல் சட்டம் ஒன்றுதான். திருப்பி அடிக்க நேரமும் இல்லை, கடதாசியும் இல்லை.

"என்னை இப்பவே அனுப்பிப்போட்டியள்" என்று மாஸ்ரர் சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ற் இருந்தது. பெண்களெல்லாம் கரையில் மீன் வாடிக் கொட்டிலுக்குள் நோட்டீஸ்களை வலை மாதிரிப் பரப்பிவைத்து, கறுப்பின் மேல் சிவப்பைப் பூசினோம். பெயின்றும் அச்சுமையும் துருசும் சேர்ந்த அந்த மணத்தில் ஒருத்திக்குத் தலை சுற்றி வெளியே போய்ச் சத்தி எடுத்தாள். கடைசிக் கட்டு மிச்சம் இருக்கும்போது பெயின்ற் முடிந்துவிட்டது. கொழும்புத்துறைக்குப் போக வேண்டிய கட்டு. நான் குருநகர்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு நிற்க, திரேசா அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் விடியக்காலமை ஒட்டிவிட்டாள். பஸ் சனம் வருவதற்குள் ஒட்ட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு.

எங்கள் கரையில் பெண்களுக்கு எழுத்து வாசிக்க வராவிட்டாலும் கரை வாசிக்க வரும். கறுப்புக் கரைக்குள் ஒரு முகம் இருந்தால் அந்த ஆள் இல்லை, அவ்வளவுதான். இழவு என்று தெரிந்தால் நின்று விசாரிக்கிற வழக்கமும் எங்களிடம் இல்லை. கடகத்தை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பெண்சாதியைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அதற்குப் பிந்தினால் அது ஒரு குறை.

காலமை நானும் மாஸ்ரரும் பெரிய கடைச் சந்தையில் நின்றோம். கொழும்புத்துறைக் கிழவர் ஒருவர் நண்டோடு வந்தவர், மாஸ்ரரைக் கண்டதும் கூடையைக் கீழே போட்டார்.

"தம்பி, நீ சுவரிலை செத்துப்போனாய். எங்கடை பெண்டுகள் சண்டிலிப்பாய்க்கு முதல் பஸ்ஸிலை போயிட்டாளவை."

மாஸ்ரரின் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் கண்டேன். வாடகைக்கு ஒரு பழைய ஏ-40 கார் பிடித்து ஏறினோம். வழியில் ஒருமுறை அவர், "அவளுக்குச் சத்தம் போட்டு ஒண்டும் சொல்லக்கூடாது, தங்கச்சி. டொக்டர் சொன்னவர்" என்றார். புகையிலைத் தோட்டங்களுக்கூடாகக் கார் போகிறது. எனக்கு வாயில் செபம் பாதியில் நின்று நின்று வருகிறது. உயிரோடு இருக்கிற மனிதரைச் செத்த மனுசியிடம் கொண்டுபோகிறோமோ என்றுதான் நினைப்பு.

படலையடியிலேயே ஒப்பாரி கேட்டது. முற்றத்தில் எங்கள் பெண்கள் வட்டமாக இருந்து மார்பில் அடித்து அழுகிறார்கள். நடுவில் ஒரு கதிரையில் அந்த மனுசி. நெஞ்சில் ஈரத் துவாய். ஆரோ முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். கண் திறந்திருந்தது. மாஸ்ரர் உள்ளே போனதும் ஒப்பாரி ஒவ்வொரு வாயாக நின்றது. ஒருத்தி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டேயிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் விலாவில் இடித்து நிறுத்தினாள்.

மனுசி அழவில்லை. அவரின் சேர்ட்டின் முன்பக்கத்தில் சூடு பட்ட ஓட்டை இருக்கோ என்று கையால் தடவிப் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகுதான் கதைத்தார்.

"இண்டைக்கு ஒருக்கா உங்களைப் பறிகுடுத்திட்டன். இன்னொருக்கா என்னாலை ஏலாது."

மாஸ்ரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மனுசிக்கு "ஓம்" என்று தலையாட்டினார். அந்த ஒரு சொல்லோடு எங்கள் தேர்தல் முடிந்தது.

அடுத்த நாள் விலகுகிறேன் என்று பேப்பரில் வந்தது. நோட்டீஸ்களை நாங்களே தேங்காய்ப் பொச்சால் தேய்த்து உரித்தோம். குழாய்த் தண்ணீர் வரும் என்று நம்பியிருந்த, நகரம் கூட்டுகிற ஒரு மனுசி வாளியோடு உதவிக்கு வந்தாள். "அவருக்கு உயிர் இருக்குதெல்லே, அக்கா, அது காணும்" என்றாள். எனக்கு அவளின் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. மாஸ்ரர் விலகியது சரியோ பிழையோ என்று பிறகு எத்தனையோ வருஷம் யோசித்தேன். பிறகொரு தேர்தலில் விலகாமல் நின்ற ஆட்களைச் சுட்டுப்போட்டதைக் கேள்விப்பட்ட நாளில் யோசிப்பதை விட்டேன்.

மாஸ்ரரின் மனுசி அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. சந்தையில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிவிடுவார். நியாயந்தான்.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறது என்று ஊரெல்லாம் எழும்பி நடந்தபோதுதான் நேருக்கு நேர் கண்டேன். செம்மணிப் பக்கம், மழை, சனம் அடி வைக்க இடமில்லை. மாஸ்ரர் சைக்கிள் கரியரில் இருக்கிறார், கால் வீங்கி நடக்க ஏலாமல். தள்ளுவது அந்த மனுசி. நெஞ்சு வருத்தக்காரி. என்னைக் கண்டதும் நின்றார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் கதை.

"இவரை இன்னும் பறிகுடுக்காமல் வைச்சிருக்கிறன், அக்கா" என்றார்.

நான் பதில் சொல்ல முன்னம் பின்னால் வந்த சனம் எங்களைப் பிரித்துவிட்டது.

திரும்பி வந்த பிறகு சண்டிலிப்பாய்க்குப் போய் விசாரித்தேன். வீடு இல்லை. அந்த வளவில் வேறு ஆட்கள் வெங்காயம் நட்டிருந்தார்கள். மாஸ்ரர் எங்கே என்றேன். தெரியாது என்றார்கள். மேயருக்கு நின்றவர் என்று விளங்கச் சொன்னேன். தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெடிச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த மேயர், ஆச்சி?"