டைகருக்கு எங்கே படுக்கை போடுவது

ஓ.பி. முடிகிற நேரம். மாடும் ஆடும் போய்விட்டன. நான் பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு லுங்கியைத் தொட்டில் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே வந்தார்கள். தொட்டிலுக்குள் ஒரு செவலை நாய். வலியில் கத்தக்கூட அதற்குத் தெம்பு இல்லை.

செங்கல்பட்டில் கால்நடை ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதுதான் என் வேலை. ரிட்டயர் ஆகும்வரை அதைத்தான் செய்தேன். படாளத்திலிருந்து தினமும் பஸ். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் வேலையில் கொஞ்சம் கறார். வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. இப்போதும் பினாயில் வாசனை வந்தால் அந்த அறைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

வந்தவர் கன்னியப்பன், மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் மீன் பிடிப்பவர். மனைவி ராணி. நாய் பெயர் டைகர். ஈ.சி.ஆரில் டெம்போ இடித்து இடுப்பெலும்பில் விரிசல். எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

“ஆபரேஷன் வேண்டாம். அசையாம படுத்திருந்தா தானா கூடிடும். ஆனா படுக்கைப் புண் வராம பார்த்துக்கணும். புண் எலும்பு வரைக்கும் போச்சுன்னா காப்பாத்த முடியாது. வலி இல்லாம போய்ச் சேர ஊசி போட்டுடறதுதான் அதுக்கு நல்லது.”

“ஊசி பேச்சே வாணாம் சார்,” என்றார் கன்னியப்பன். “இன்னா படுக்கை வேணும்னு சொல்லு, கொண்டாந்து போட்டுடறேன்.”

படுக்கை என் டிபார்ட்மென்ட். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று டாக்டரே கிண்டல் செய்வார். பஞ்சு மெத்தை கூடாது, மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்சைக் கையை மடக்கி அழுத்தினால் தரை தட்டக் கூடாது. அதற்காகப் புசுபுசுவென்றும் இருக்கக் கூடாது, கால் புதைந்தால் நாயால் எழ முடியாது. மேலே பழைய காட்டன் புடவை, தினமும் துவைத்துப் போடணும். ஒரே பக்கமாகக் கிடக்க விடாமல் புரட்டிவிடணும். எல்லாவற்றையும் ஒப்பித்து அனுப்பினேன்.

ராணியின் தம்பிக்கு ஒரு ரிசார்ட்டில் வேலை. நீச்சல் குளத்து நாற்காலிக்குப் போட்டுக் கழித்த குஷன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தானாம். போனில் போட்டோ காட்டினார்கள். கெட்டியான ஸ்பாஞ்ச், மேலே புடவை, தலைக்கு நேரே ஃபேன். என் வீட்டுக் கட்டில்கூட அவ்வளவு நன்றாக இருக்காது.

ஆனால் புண் வந்தது. அடுத்த முறை வந்தபோது பெரிதாகியிருந்தது, உள்ளே மணல் வேறு. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“வூட்டைப் பெருக்கவே மாட்டீங்களா? புரட்டிப் போடச் சொன்னேனே, செஞ்சீங்களா?”

“புரட்டிதான் போட்டுகினு கீறோம் மேடம்,” என்றார் கன்னியப்பன், தலையைக் குனிந்துகொண்டு.

டாக்டர் புண்ணைப் பார்த்தார். “அடுத்த வாரமும் இப்படியே இருந்தா ஊசி போட முடிவு பண்ணிடலாம்,” என்றார். இருவரும் லுங்கித் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மனசு கேட்காமல் காலையிலேயே கிளம்பி முதலில் குப்பத்துக்குப் போனேன். வீடு திறந்திருந்தது, ஆளில்லை. ஃபேனுக்குக் கீழே குஷன், துவைத்த புடவை. நாய் மட்டும் இல்லை. வாசலிலிருந்து கடல் பக்கம் மணலில் இழுத்துக்கொண்டு போன தடம் தெரிந்தது. அதன் பின்னாலேயே நடந்தேன்.

படகு ஏறும் இடத்தில் டைகர் முன்னங்கால்களை ஊன்றி உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் மணலில் சரிந்து கிடந்தது. கூடையோடு நின்ற ராணி என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

“பாத்தியாக்கா? தெனம் காலையில நான் கூடை எடுத்துகினு வந்து பாத்தா, தானா வந்து குந்திகினு கீது. குணமாய்கினு வருது இல்ல? குட்டியிலேர்ந்து அவரு படகு வர நேரத்துக்கு இங்கதான் நிக்கும்.”

திட்டுவதற்கென்றே வந்தவள் நான். நாய் தேறுகிறது என்று அவர்கள் சந்தோஷத்தில் இருந்திருக்கிறார்கள். நல்லது நடப்பதை ஆஸ்பத்திரியில் யார் புகாராகச் சொல்வார்கள்?

படகு வந்தது. டைகரின் வால் மணலை அடித்தது. கன்னியப்பன் தண்ணீரில் குதித்து, “டேய் நைனா!” என்று சிரித்துக்கொண்டே வந்தார். நான் நாயை மெல்லச் சாய்த்துப் புண்ணைக் காட்டினேன். சதையெல்லாம் மணல்.

“நடந்து வரல அண்ணா. இடுப்பைத் தேய்ச்சுகினு வருது. தெனமும்.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “எனக்கோசரமாடா இழுத்துகினு வந்த?” என்று அதன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“நாளையிலேர்ந்து கட்டிப் போட்டுடறேன்க்கா,” என்றாள் ராணி.

“கட்டினா கயித்தை இழுத்துகினு கெடக்கும், இடுப்பு இன்னும் கெட்டுடும். படுக்கையை இங்க கொண்டாங்க.”

மீன் அள்ளும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றின் ஒரு பக்கத்தைக் கன்னியப்பன் கத்தியால் தாழ்வாக அறுத்தார், நாய் தாண்டாமல் ஏறி இறங்க. குஷனை அளவுக்கு வெட்டி உள்ளே போட்டோம். இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி. மறுநாளிலிருந்து படகு வரும் முன்னே ராணியும் பக்கத்து வீட்டுக்காரியும் டைகரைத் தொட்டியோடு தூக்கிப்போய் நிழலில் வைத்தார்கள். படகு வந்து ஆளைப் பார்த்துவிட்டால் அதுவே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுமாம். சாமி புறப்பாடு மாதிரி நாய் போகிறதென்று குப்பமே சிரித்ததாம்.

அடுத்த வாரம் புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாகச் சதை பிடித்திருந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்தார். “ஊசிப் பேச்சை இனிமே எடுக்க வேண்டாம்,” என்றார். எலும்பு கூடியது. கால் கொஞ்சம் நொண்டல்தான்.

இப்போதும் போன் வருகிறது. வயசான லேப்ரடாருக்கு எந்த மெத்தை வாங்கலாம் என்று ஊரப்பாக்கத்திலிருந்து, சிறுசேரி கம்பெனியிலிருந்து எல்லாம் கேட்கிறார்கள். ஸ்பாஞ்ச், துணி எல்லாம் சொல்வேன், பழக்கதோஷம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்டுவிடுவேன்: நல்லா இருந்தப்போ அது யாருக்காக, எங்கே காத்துகிட்டிருக்கும்? அங்கே போடுங்கள் படுக்கையை. எந்தப் பயிற்சியிலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

டைகர் நன்றாக வாழ்ந்து, வயசாகி, போன வருஷம் போய்விட்டது. கடைசி நாட்களில் மறுபடி நடக்க முடியாமல் தொட்டியில்தான் கரைக்குப் போனதாம். கன்னியப்பன் போன் செய்து சொன்னார்.

“கரையிலதான் மேடம், படுக்கையிலதான் போச்சு. நான் வந்தப்புறம்தான்.”

போனை வைக்கும் முன், “நான் வந்தப்புறம்தான் மேடம்,” என்று இன்னொரு முறை சொன்னார்.