மீனுக்கு யார் தயிர் ஊற்றினார்கள்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணத்துக்குக் காத்திருந்த வயதில், என் முழங்கையில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது. நம்மவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் வெண்குஷ்டம். குஷ்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெயர் வைத்தவனுக்கு என்ன, தூக்கிச் சுமப்பவள் நான்தானே.

அப்பாவின் அக்கா பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மீன் கொழம்பு சாப்பிட்ட கையோட தயிர் ஊத்திக் கொடுத்திருப்பா ஒங்கம்மா. வேறென்ன?"

அம்மா சாமி படத்தின் முன் சத்தியம் செய்தும் பயனில்லை. அந்தப் பழியோடுதான் அடுப்படியில் நடமாடினார். அத்தை மகனுக்கு என்னைச் சிறுவயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அத்தானைப் பிடிக்கும், நானும் பேசவில்லை.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பஸ்ஸில் போகவேண்டிய கம்போங் என்ற மலாய்க் கிராமத்தில் எங்கள் வீடு. பின்னால் ஒரு குளம். அதில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் வந்த திலாப்பியா. 'ஜப்பான் மீன்' என்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீசிய வலையில் கருமீன்களுக்கு நடுவே உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டோடு ஒன்று வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று அத்தையும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, நிறையப் படிப்பவர். குளத்தங்கரையில் மீனைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பொறவியிலயே இப்படி வரலாம். காயம் பட்டு செதில் திரும்ப மொளைக்கும்போதும் வெளுக்கும். சீக்கு, தண்ணி, தீனின்னு எவ்வளவோ இருக்கு. நீ பயப்படாத லா."

அந்தத் தெம்பில் மீனைத் தண்ணீர் நிறைத்த பேசினில் போட்டு அத்தையின் முன்னால் வைத்தேன்.

"இதுக்கு யாரு வீட்டுல தயிர் ஊத்தினாங்க, அத்தை?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். அத்தை சிரிக்கவில்லை. மகனைப் பார்த்தார்.

"அப்ப எதனாலடா வருது? நீதான் படிச்சவனாச்சே, சொல்லு."

"பொறவியிலயே வர்றதும்மா. பரம்பரையா," என்றார் அத்தான்.

காயம், சீக்கு, தண்ணீர் எல்லாம் அடுத்து வரும் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டுக் கோளாறுதானே, போயிடும்னுதான் நான் இவ்வளவு நாளும் பேசாம இருந்தேன்," என்றார் அத்தை. "ரத்தத்துல இருக்குன்னா என் பேரப்பிள்ளைக்கும்ல வரும்?"

என் கல்யாணத்தை அதுவரை தாங்கிக்கொண்டிருந்ததே அம்மாமேல் போட்ட அந்தப் பொய்ப் பழிதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்டிக்காரி நான், என் கையாலேயே அதைத் தட்டிவிட்டிருந்தேன்.

அடுத்த தை மாதம் அத்தானுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. "பாவம், அவங்கம்மா முன்னால அவனுக்கு மத்ததெல்லாம் மறந்துபோச்சு," என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மறதியாம். பரம்பரை என்று சொல்லி முடித்ததும் அவர் விட்ட நிம்மதிப் பெருமூச்சு அம்மாவுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.