மூன்று விரலில் காணாமல் போன பவர் பத்திரம்

மெக்கானிக் லேப்டாப்பைச் சரிபார்த்துக் கொடுத்த மறுநாள் காலை அதைத் திறந்தேன். திரை வெறிச்சோடிக் கிடந்தது. ஸ்டார்ட் பட்டன் இல்லை. கீழே வரிசையாக நிற்கும் ஐகான்கள் இல்லை. தானாக வந்து நின்ற வரவேற்புப் பெட்டியின் மூலையில் மினிமைஸ் பண்ணுகிற சின்னக் கோடுகூட இல்லை, மூடுகிற பெருக்கல் குறி மட்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே அவருக்குப் போன் போட்டேன்.

"என்ன தம்பி, வீட்டைக் குடுத்துட்டு வாசலைக் கழட்டிட்டுப் போயிட்டீங்க?"

"ஒங்க லேப்டாப்புல புது விண்டோஸ் ஏறாதுக்கா. அதான் லினக்ஸ் போட்டிருக்கேன். இந்த டெஸ்க்டாப்புக்குப் பேரு க்னோம். விண்டோஸ் படம் போட்ட கீ இருக்குல்ல, அதை ஒரு தடவை அமுக்குங்க. என்ன வேணுமோ அது பேரை அடிங்க. தானா வரும்."

அமுக்கினேன். திறந்திருந்ததெல்லாம் குட்டிப் படங்களாக முன்னால் வந்து நின்றன. நாலெழுத்து அடித்ததும் ஃபைல் வந்தது. தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டும் பழையபடியே வேலை செய்தது. அட, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது.

நான் அறந்தாங்கியில் ஒரு ஆவண எழுத்தரிடம் இருபத்தாறு வருடமாக டைப் அடிக்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை, பவர் என்று அடிக்காத பத்திரம் இல்லை. ஒரே வாரத்தில் மவுஸைத் தொடுவதையே விட்டுவிட்டேன். முதலாளி ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்னம்மா செல்வி, பட்டனே இல்லாத மெஷினை வெச்சுக்கிட்டு இந்த ஓட்டு ஓட்டுற?" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒருவருடைய பத்திரம் திரையில் இருக்கும்போது வேறு யாராவது மேசைக்கு வந்தால் உடனே அதை மறைத்துவிட வேண்டும். யார் யாருக்கு எதை எழுதுகிறார்கள் என்பது பங்காளி கண்ணில் பட்டால் அன்றைக்கே அடிதடிதான். இன்னொன்று ஐயாவின் நம்பிக்கை. பார்ட்டி படித்துச் சரி என்று சொல்லும்வரை பேர் போட்டு சேவ் பண்ணக்கூடாது, பண்ணினால் காரியம் தட்டிப்போகும் என்பார். நானும் மீறியதில்லை.

சேவியர் வந்த அன்று இந்த இரண்டும் சேர்ந்து என்னைக் கவிழ்த்தன.

சேவியருக்குக் குவைத்தில் வேலை. லீவு முடிந்து அன்று இரவு திருச்சியில் விமானம் ஏற வேண்டும். ஊரில் இருக்கும் மனையில் வீடு கட்ட மனைவி ரோஸ்லின்தான் அலைய வேண்டும் என்பதால், அவர் பேருக்குப் பவர் என்கிற அதிகாரப் பத்திரம் எழுத இருவரும் வந்திருந்தார்கள். பதிவு அலுவலகத்தில் பன்னிரண்டரைக்கு டோக்கன். அது தவறினால் அடுத்த லீவுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

பதினொன்றேகாலுக்கு நாலு பக்கமும் அடித்து முடித்தேன். இருவரையும் படிக்கக் கூப்பிட வாயெடுத்தபோது அவர்கள் ஊர்க்காரர் ஒருவர், வில்லங்கச் சான்று வேண்டும் என்று நேரே மேசைக்கு வந்து எட்டிப் பார்த்தார். மறைக்கிற பட்டன்தான் இல்லையே! டச்பேடில் மூன்று விரலை வைத்து, சாப்பிட்ட இலையைத் தள்ளுவதுபோல ஒரு தள்ளு தள்ளினேன். பத்திரம் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் போனது. அவரை ஐயாவிடம் அனுப்பிவிட்டுத் திரும்பினால் திரையில் ஒன்றுமே இல்லை.

சேவ் பண்ணாத ஃபைல்!

"அக்கா, ஆச்சுங்களா?" என்றார் சேவியர்.

"இந்தா, ஆயிருச்சு" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

இந்த மாதிரி நெருக்கடியில் எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. வேறொரு பார்ட்டியின் பழைய பத்திரத்தைத் திறந்து, பேரையும் சர்வே நம்பரையும் மாற்றி ஓட்டிவிடுவது. கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்க, அந்த விண்டோஸ் கீயை அமுக்கி, கறம்பக்குடிக்காரர் ஒருவரின் ஃபைல் பேரை அடித்தேன். வந்தது. கை பறந்தது. பன்னிரண்டுக்குள் வெள்ளைத்தாளில் பிரிண்ட் எடுத்து நீட்டினேன்.

சேவியர் படிக்காமலே தலையாட்டினார். ரோஸ்லின் விடவில்லை. விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தவர், எல்லை விவரத்தில் நின்றார்.

"ஏங்க்கா, நம்ம எடத்துக்கு வடக்கால மாதாகோயில் எடமுல்ல இருக்கு? இதுல வாய்க்கால்னு போட்டிருக்கு. வாய்க்கா எங்கிட்டிருந்து வந்துச்சு?"

நான் மாற்றாமல் விட்ட நான்கு எல்லையுமே கறம்பக்குடிக்காரருடையவை.

சேவியரின் முகம் மாறிவிட்டது. "நான் ராத்திரி போயிருவேன்க்கா. தப்பான பவரை வெச்சுக்கிட்டு இவ ஒத்தையில எந்த ஆபீஸ்ல போயி நிப்பா?"

அவமானத்தில் காது சுட்டது.

"தப்பு என்னோடதுங்க. அஞ்சு நிமிசம் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை நாளில் இந்த மெஷின் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். சேவ் பண்ணாததை மூடப் போனால், சேவ் பண்ணவா என்று கேட்காமல் விடாது. நான் தள்ளியபோது கேட்கவே இல்லை. அப்படியானால் மூடவில்லை, எங்கேயோ நகர்ந்துதான் போயிருக்கிறது.

அதே கீயை அமுக்கினேன். இந்தத் தடவை எதையும் அடிக்காமல் திரையை மட்டும் பார்த்தேன். மேலே சின்னதாக இரண்டு பெட்டிகள். ஒன்றில் நான் இப்போது திருத்திய கறம்பக்குடிக்காரர் ஃபைல் இருந்தது. மற்றொன்றில் சேவியரின் நாலு பக்கமும் இருந்தது. மூன்று விரலால் தள்ளினால் பக்கத்து மேசைக்குப் போவதுபோல இன்னொரு திரைக்குப் போய்விடும் என்று அப்போதுதான் புரிந்தது. தொட்டேன், முழுதாக விரிந்தது. வடக்கு எல்லையில் மாதாகோயில் இடம்.

முதல் வேலையாகப் பேர் போட்டு சேவ் பண்ணினேன். "கோவிச்சுக்காதீங்கய்யா, அவங்க படிக்கிறதுக்கு முன்னாடியே பேர் போட்டுட்டேன்" என்றேன்.

"போடும்மா தாயி, போடு" என்றார் ஐயா.

ரோஸ்லின் நாலு பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து படித்தார். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. முத்திரைத்தாளில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். டோக்கன் கூப்பிடுமுன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பத்திரமும் பதிவானது.

புதிதாக வருகிறவர்கள் இந்த டெஸ்க்டாப்பைப் பார்த்து மிரண்டால் நான் இதைத்தான் சொல்கிறேன். அறிமுகமாகி ஒரு மாதம்கூட முழுதாக ஆகாத அந்த டெஸ்க்டாப் சேவியரின் பத்திரத்தில் ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. அவர் மனைக்குப் பக்கத்தில் இல்லாத வாய்க்காலை வெட்டியது இருபத்தாறு வருடம் பழகிய என் கை.